உக்காந்தா கெணறு

நொய்யலாத்துத் தண்ணி தண்ணி நெறத்துலயே ஓடின காலம். சாயம் கலக்காத காலம். அந்தக் காலத்துல, ஆத்துக்குத் தெக்கால, இதே ஊர்ல, ஓபுளின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் பேரு நஞ்சான். ஒரு கைக்கொழந்தை இருந்துச்சாம். அந்தக் கொழந்தைதான் என்ற அப்பாரு, எங்கப்பனைப் பெத்த தாத்தா. அதனால இதை ஊர்க் கதைன்னும் சொல்லலாம், எங்க ஊட்டுக் கதைன்னும் சொல்லலாம்.

பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்டீங்க. தாலி கட்டி முடிச்சுப் பொண்ணை ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகாம, எதுக்கு இந்தப் பாழுங்கெணத்துக்கிட்டக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்கன்னு கேட்டீங்க. சரியான கேள்வி. சொல்றேன். நின்னுட்டே கேளுங்க, யாரும் உக்காந்துறாதீங்க. அதுக்குக் காரணமும் கதையிலயே இருக்குது.

தாது வருஷத்துப் பஞ்சம் முடிஞ்ச சமயமாம். செத்தவங்க போக மிச்சம் இருந்தவங்க இருந்தாங்களாம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் நெலம் பெரிய பண்ணாடியோடது. நெலத்துக்காரரைப் பண்ணாடின்னு சொல்லுவாங்க. நேர்ல கண்டா சாமிம்பாங்க. பண்ணாடி முன்னால எங்க ஆளுக குனியலாம். நிக்கலாம். காலுல உழுகலாம். உக்காரத்தான் கூடாது. பண்ணாடி பார்வை படற எடத்துல எங்க பொம்பளை ஒருத்திகூட உக்காந்ததில்லையாம். அப்படி ஒரு சட்டம் எங்கயும் எழுதி வைக்கல. எழுதியிருந்தா என்னைக்காவது ஒரு நா கிழிச்சிருக்கலாம்.

இந்த எடத்துல பண்ணாடி ஒரு கெணறு வெட்ட ஆரம்பிச்சாராம். ஆம்பளைக உள்ள எறங்கி வெட்டுவாங்க. பொம்பளைக மண்ணைக் கூடையில அள்ளித் தலையில சுமந்து மேல வந்து கொட்டுவாங்க. பண்ணாடியோட மேஸ்திரி நின்னு வேலை வாங்குவாரு. எறங்கறதுக்கும் ஏறதுக்கும் ஒரே சரிவுதான். அந்தச் சரிவோட வாயில ஒரு பலகைக்கல்லு. இதா, இந்தக் கல்லுதான். இதைத் தாண்டாம உள்ள போகவும் முடியாது, வெளிய வரவும் முடியாது.

தண்ணி வந்துட்டா, அந்தத் தண்ணிய வெட்டினவங்க தொடக்கூடாது. அது வேற.

ஒரு நா ஓபுளி கூடையக் கொட்டறா. கொட்டின மண்ணுல என்னமோ மினுங்குச்சாம். எடுத்து முந்தானையில தொடச்சுப் பார்த்தா, வெள்ளிக்காசு. கூட மண் சுமக்கறவ ஒருத்தி இருந்தா, கெம்பின்னு பேரு. வாய் அடங்காதவ. அவ வந்து எட்டிப் பார்த்தாளாம்.

“ஏ புள்ள, ராணி காசா?”

“ராணி இல்ல. இது ஆம்பளை.”

“மண்டையில என்னடி தழையக் கட்டிட்டிருக்கான்?”

“வேப்பந்தழையா இருக்கும். அம்மை போட்டிருக்குமாட்ட.”

“பின்னால நாடா வேற தொங்குது. மூக்கப் பாரு, நம்ம மேஸ்திரி மூக்காட்டவே இருக்குது.”

“கழுத்துல ஒரு வெட்டு உழுந்திருக்கு.”

“அப்ப மேஸ்திரியேதான். அவரு கழுத்துலயும் ஒரு தழும்பு இருக்குதல்ல.”

அந்த வெட்டு உளி வெட்டு. உள்ள வெள்ளிதானா, இல்ல மேல மட்டும் பூசினதான்னு பார்க்க அந்தக் காலத்துல அப்படி வெட்டிப் பாப்பாங்களாம், நான் படிச்சிருக்கேன். எவனோ ஒருத்தன் ராஜா மூஞ்சிய நம்பாம உளிய வச்சுப் பார்த்திருக்கான். நம்ம ஊர்க்காரனாத்தான் இருக்கணும். அவன் பேரு எதுலயும் இல்ல.

சரி. காசைத் திருப்பினாங்க. மறுபக்கத்துல ஒரு பொம்பளை. நாற்காலி மேல உக்காந்திருக்கா. காலு ரெண்டும் ஒரு மணை மேல இருக்கு. ஒரு கையில நெட்டுக்குத்தலா ஒரு கோலு. இன்னொரு கையில ஒரு சின்னக் கொத்து. சுத்தியும் எறும்பு ஊர்ந்தாப்பல எழுத்து.

கெம்பி கன்னத்துல போட்டுக்கிட்டாளாம். “மாரியாத்தாடி. கையில வேப்பங்கொத்து இருக்குது, வேலு இருக்குது.”

ஓபுளி கேட்டாளாம், “மாரியாத்தாளுக்கு எத்தனை கை?”

“நாலு.”

“இவளுக்கு?”

“ரெண்டு.”

“ரெண்டு கைன்னா வேலை செய்யறவ. அது வேலு இல்ல, கடப்பாரை. கொத்து ஈ ஓட்டறதுக்கு.”

“வேலை செய்யறவளுக்கு நாற்காலி எங்கிருந்துடி வந்துச்சு? பண்ணாடிச்சியே பண்ணாடி முன்னால உக்கார மாட்டா. இவ எதுக்கு உக்காந்திருக்கா?”

ஓபுளி நல்லாப் பார்த்துட்டுச் சொன்னாளாம், “வேலை முடிஞ்சிருக்கும்.”

அங்க இருந்த பொம்பளைக அத்தனை பேரும் சிரிச்சாங்களாம். கூடை ஆடற அளவுக்குச் சிரிச்சாங்களாம். வேலை முடியறதுன்னு ஒண்ணு உண்டுன்னு அதுவரைக்கும் யாரும் கேள்விப்பட்டதில்லையே.

சிரிப்புச் சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தாரு. காசைப் புடுங்கினாரு. மண்ணுக்குள்ள இருந்து வந்ததெல்லாம் மண்ணுக்காரருக்கு. பண்ணாடி கைக்குப் போச்சு. பண்ணாடியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அவரு எத்தனை கைன்னு எண்ணல. வேப்பங்கொத்தப் பார்த்தாரு, வேலப் பார்த்தாரு, கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

“ஆத்தா என்ற மண்ணுல வந்து உக்காந்துட்டா. இனித் தண்ணிக்குக் கொறையில்லை.”

காசை மஞ்சத்துணியில முடிஞ்சு மடியில வச்சுக்கிட்டாராம். குளிச்சா எடுத்துப் பாப்பாரு. சாப்பிட உக்காரும் முன்ன எடுத்துப் பாப்பாரு. அந்த உருவம் அவரு கண்ணுக்குள்ளயே நின்னு போச்சாம்.

அப்பறம் ஒரு மழை பெஞ்சுது. மண்ணு எளகி இருந்துச்சு. மறுநா உள்ள எறங்க வேண்டாம்னு நஞ்சான் சொன்னதா ஒரு பேச்சு இருக்கு. சொல்லியிருந்தாலும் யாரு கேட்டிருப்பாங்க? எறங்கினாங்க. மேக்காலச் செவுரு சரிஞ்சுது. பெரிய சத்தம்கூட இல்லையாம். மூட்டைய எறக்கி வச்சாப்பல ஒரு சத்தம். மத்த ஆளுக சரிவுல ஏறி ஓடியாந்துட்டாங்க. பக்கத்துல வெட்டிட்டிருந்தவன் கையில நஞ்சானோட கடப்பாரை இருந்துச்சாம், எப்படி எடுத்துட்டு வந்தான்னு அவனுக்கே தெரியல. நஞ்சான் வரல.

ஓபுளி அப்போ கூடையோட மேல வந்துட்டிருந்தா. அவ கூடையக் கொண்டுபோய்க் கொட்டிட்டு, அப்பறம்தான் வந்து எட்டிப் பார்த்தாளாம். பழக்கம்.

கூப்பிட்டுப் பார்த்தாங்க. காதை வச்சுக் கேட்டாங்க. ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் பூரா மண்ணு.

மேஸ்திரி பண்ணாடிகிட்டப் போயிட்டுத் திரும்பி வந்தாரு. வந்து சொன்னாராம்:

“கெழக்கால வெட்டுங்க. மேக்கால கை வைக்க வேண்டாம். அவனை எடுக்கப்போனா செவுரு முழுக்க வரும், இந்தப் போகமே போயிரும். கெணறு காவு கேட்டுது, வாங்கிக்கிச்சு. இனித் தண்ணி வந்துரும். சாமி சொல்லிட்டாரு. ஓபுளி ஊட்டுக்குச் சோளம் வரும்.”

ஓபுளி அழுகலையாம். நெஞ்சுல அடிச்சுக்கலையாம். மாருல பால் கட்டி வலிச்சதுன்னு மட்டும் பின்னாடி கெம்பிகிட்டச் சொன்னாளாம். அவளுக்கு வேண்டியது ஒண்ணுதான். நஞ்சானை எடுத்து எங்க ஆளுக மண்ணுல, எங்க சுடுகாட்டுல பொதைக்கணும். பண்ணாடி கெணத்துக்கு அடியில, பண்ணாடி தண்ணிக்குக் கீழ, அவன் கெடக்கக் கூடாது.

ஆனா அதைக் கேக்கலாம்னு அவளுக்குத் தெரியல. கேக்கற வார்த்தை அவகிட்ட இல்ல. அந்த ஆளு கையில இருந்து நஞ்சானோட கடப்பாரைய வாங்கினா. சரிவு வாய்க்கு வந்தா. இந்தக் கல்லு மேல உக்காந்தா. கடப்பாரைய நெட்டுக்குத்தலா ஊனிக்கிட்டா.

அம்புட்டுத்தான் அவ செஞ்சது.

மேஸ்திரி வந்தாரு. “ஏ புள்ள, எதுக்கு உக்காந்திருக்கே?”

“வேலை முடிஞ்சுதுங்.”

“எந்திரி.”

“வேலை முடிஞ்சுதுங்.”

“பாதிக் கெணறுகூட வெட்டல, என்ன வேலைடி முடிஞ்சுது? எந்திரி, ஆளுக எறங்கணும்.”

“வேலை முடிஞ்சுதுங்.”

அவளைத் தாண்டித்தான் எறங்கணும். அடிச்சு இழுக்கலாம்னா, கடப்பாரை கையில இருக்கு. அவ அதை ஓங்கல. மெரட்டல. ஆனா இருக்கு.

இந்த எடத்துல மத்தவங்க கதை சொன்னா, எல்லாப் பொம்பளைகளும் கூடையக் கீழ போட்டுட்டு அவகூட உக்காந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. நானே ஒரு காலத்துல மேடையில அப்படிச் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கேன். அப்படி நடக்கல. எல்லாரும் நின்னாங்க. கூடையோட நின்னாங்க. ஒருத்தியும் உக்காரல.

கெம்பி மட்டும் ஒரு காரியம் பண்ணினா. தூளியில கெடந்த கொழந்தையக் கொண்டாந்து ஓபுளி மடியில போட்டா. ஓபுளி பால் குடுத்தா, உக்காந்துட்டேதான். அப்பறம் அவ மூஞ்சியில ஈ மொச்சுது, அவ ஓட்டக்கூட இல்ல. கெம்பி வேம்புல ஒரு கொத்து ஒடிச்சு அவ கையில குடுத்தா.

“ஈ ஓட்டிக்கடி.”

அப்பறம் மேஸ்திரியப் பார்த்துச் சொன்னாளாம், “இருக்கட்டும் உடுங். நஞ்சான் அங்கயே கெடக்கட்டும். எங்க காலு பட்ட வாய்க்காத் தண்ணியே உங்களுக்கு ஆகாது. இனி எங்க ஆளு ஊறின தண்ணிய நீங்க குடிச்சுக்குங்க.”

மேஸ்திரி மேல்துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சுட்டுப் பண்ணாடி ஊட்டுப் பக்கம் போனாராம்.

பண்ணாடி அன்னைக்கு வரல. பொழுது சாஞ்சுது, ஓபுளி சாயல. பொழுது விடிஞ்சுது, ஓபுளி எந்திரிக்கல. வெய்யில் ஏறினப்பறம் பண்ணாடி வந்தாரு. சாட்டையோட வந்தாரு. அங்க இருந்தே கத்திட்டு வந்தாராம்.

“எவடி அவ, என்ற கெணத்து வாயில உக்காந்தவ?”

கிட்ட வந்தாரு. பார்த்தாரு. கத்தல் நின்னுபோச்சு.

கல்லு மேல ஒரு பொம்பளை உக்காந்திருக்கா. ஒரு கையில நெட்டுக்குத்தலாக் கோலு. இன்னொரு கையில வேப்பங்கொத்து. காலு ரெண்டும் கீழ ஒரு சின்னக் கல்லு மேல இருக்கு. கண்ணு இவரைப் பார்க்கல. பக்கவாட்டுல எங்கயோ பார்க்குது.

பண்ணாடி நிக்கறாரு. ஓபுளி உக்காந்திருக்கா. இந்த ஊர்ல அப்படி ஒரு காட்சிய அதுக்கு முன்னால யாரும் கண்டதில்ல. பண்ணாடி கண்டிருக்காரு. அவரு மடியிலயே இருந்துச்சே.

மடியத் தடவினாராம். முடிச்ச அவுக்க வரலையாம், பல்லுல கடிச்சு இழுத்தாராம். காசை எடுத்துப் பார்த்தாரு. அவளைப் பார்த்தாரு. மறுபடி காசைப் பார்த்தாரு. சாட்டை எப்போ கீழ உழுந்துச்சுன்னு தெரியல.

“தாயி,” அப்படின்னாராம். எங்க பொம்பளைய ஒரு பண்ணாடி அப்படிக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். “தாயி, என்ன வேணும்?”

ஓபுளி சொன்னா, “வேலை முடிஞ்சுதுங்.”

அவ மேஸ்திரிக்குச் சொன்னதையேதான் இவருக்கும் சொன்னா. அவரு காதுல அது வேற மாதிரி உழுந்துச்சு. இந்தக் கெணத்து வேலை முடிஞ்சுதுன்னு ஆத்தா வாக்குச் சொல்லிட்டான்னு உழுந்துச்சு. கல்லு முன்னால காசை வச்சாரு. ரெண்டு அடி பின்னால போயி ஆளுகளக் கூப்பிட்டாரு.

“மேக்காலச் செவுத்தப் பிரிங்கடா. அவனை எடுங்க. எடுத்துட்டு எல்லாரும் மேல வந்துருங்க. இந்தக் கெணறு வேண்டாம்.”

அப்போதான் ஓபுளி கல்லுல ஒதுங்கி ஆளுகளுக்கு வழி உட்டாளாம். எந்திரிக்கல. ஒதுங்கினா.

என்னங்க, பொண்ணோட மாமா கேக்கறீங்க? அவளுக்கு அருள் வந்துச்சான்னா? எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. வரல. அவ ஆடல, கொலவை போடல, தலைய விரிக்கல. உக்காந்திருந்தா. ஒரு பொம்பளை சும்மா உக்காந்திருந்தான்னா நம்ம ஆளுகளுக்கே நம்ப முடியல, சாமிதான் வந்திருக்கணும்ங்கறாங்க. நான் எத்தனையோ நோட்டீஸ் எழுதி அச்சடிச்சிருக்கேன். எல்லாத்துலயும் எழு, எழு, எழுந்து வான்னுதான் போட்டிருக்கேன். என்ற அப்பாரைப் பெத்தவ உக்காந்துதான் அவளுக்கு வேண்டியதை வாங்கினா. இது எனக்கு ரொம்ப நாள் ஒறைக்கல.

கெம்பி அந்தக் கொத்தை ஈக்குன்னுதான் குடுத்தாளா, இல்ல பண்ணாடி மடியில இருக்கறதை நெனச்சு வேணும்னே குடுத்தாளா? சாகற வரைக்கும் யார் கேட்டாலும் சிரிச்சுட்டுப் போயிருவாளாம்.

நஞ்சானை எடுத்தாங்க. கை ரெண்டும் மூஞ்சிக்கு முன்னால மடங்கி இருந்துச்சாம். நகத்துக்குள்ள மண்ணு. ஓபுளி ஒரு ஈர்க்குச்சிய எடுத்து ஒவ்வொரு நகமா மண்ணைக் கிண்டி எடுத்தாளாம். யாரு சொல்லியும் நிறுத்தல.

செத்தவங்களுக்கு நெத்திக்காசு வைக்கணுமே. எங்க ஆளுக குடியிருக்கற வளவுல எவ ஊட்டுலயும் காசு இல்ல. கல்லு முன்னால பண்ணாடி வச்சுட்டுப் போன காசை எடுக்கறதுக்கு எல்லாருக்கும் பயம். ஓபுளி எடுத்தா. மஞ்சளக் கொழச்சு, தழை கட்டின ராஜா மூஞ்சிய அடியில அமுத்தி நஞ்சான் நெத்தியில ஒட்டினா. காசுல இருந்த பொம்பளை மேல பார்த்து உக்காந்திருந்தா. நெத்திக்காசு குழி வெட்டறவனுக்குச் சேரணும்கறது மொறை. அவனும் கை நீட்டினானாம். கெம்பி சொன்னாளாம், “உடு. அவனும் வேலை முடிஞ்சு கெடக்கறான்.” அவன் கைய எடுத்துக்கிட்டான்.

அதே மாதிரிக் காசு ஒண்ணை நான் பட்டணத்துல கண்ணாடிப் பொட்டிக்குள்ள பார்த்தேன். வேற எங்கயோ கெடைச்சது. சீட்டு எழுதி வச்சிருந்தாங்க. அவன் ரோமாபுரி ராஜாவாம். இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவ அவனைப் பெத்த ஆத்தாளாம், சமாதானத் தெய்வமா வேஷம் கட்டி உக்காந்திருக்காளாம். கையில இருக்கறது செங்கோலாம், ஏதோ சீமைத் தழையாம். அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அங்கயே நின்னேன். பண்ணாடி பார்த்ததும் தப்பு, ஓபுளி பார்த்ததும் தப்பு. அந்த ராஜாவோட ஆத்தா ஒரு கூடை மண்ணு சுமந்திருக்க மாட்டா. எனக்குக் கோவம்கூட வரல. காவக்காரரு வந்து, பெரியவரே, அடைக்கற நேரமாச்சுன்னாரு. வந்துட்டேன்.

இன்னொண்ணையும் சொல்லிறேன். பண்ணாடி வேற எடத்துல கெணறு வெட்டினாரு. ஓபுளி அங்கயும் போயிக் கூடை தூக்கினா. இதைக் கதையில யாரும் சேர்க்க மாட்டாங்க. மடியில கொழந்தை இருந்துச்சு, ஊட்டுல ஒண்ணும் இல்ல. தூக்கினா. ஆனா மொதக் கூடைய எடுக்கறதுக்கு முன்னால, பண்ணாடி பார்க்கறாப்பல, கீழ உக்காந்தாளாம். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அப்பறம் எந்திரிச்சுக் கூடைய எடுத்தாளாம். பண்ணாடி வேற பக்கம் திரும்பிக்கிட்டாராம். அன்னைக்குத்தான் கெம்பியும் உக்காந்தா. மறுநா இன்னும் ரெண்டு பேரு. அப்படியே வந்துருச்சு. இன்னைக்கும் நூறு நாள் வேலைக்குப் போனா எங்க பொம்பளைக மொதல்ல உக்காந்துட்டுத்தான் கூடைய எடுப்பாங்க. புதுசா வர்ற அதிகாரிக இதைச் சோம்பேறித்தனம்னு நெனச்சுக்குவாங்க. நெனச்சுக்கட்டும்.

இந்தக் கெணத்துல அப்பறம் யாரும் கை வைக்கல. மழை பெஞ்சாக் கொஞ்சம் தண்ணி நிக்கும், ஆடு குடிக்கும். ஊர்ல இதை உக்காந்தா கெணறுன்னு கூப்பிடுவாங்க. ஓபுளி உக்காந்த கெணறு, உக்காந்தா கெணறு. ரோட்டுல பஸ் நிக்கற எடத்துல போர்டு பார்த்திருப்பீங்க. சர்க்காரு அதைச் சுத்தத் தமிழ்ல திருத்தி, உட்கார்ந்தான் கிணறுன்னு எழுதியிருக்கு. உக்காந்தது பொம்பளைங்க, ஒரு எழுத்தைத் தூக்கிருங்கன்னு மனுப் போட்டுப் போட்டு ஓஞ்சுட்டேன். போன தடவை இருந்த அதிகாரி கேட்டாரு, “ஒரு எழுத்துல என்னங்க இருக்குது?” நான் எந்திரிச்சு வந்துட்டேன். உக்காந்திருக்கணும். அது அப்பறம்தான் தோணுச்சு.

கதை இங்க வரைக்கும்தான், மண்ணு இன்னும் கீழ இருக்குது.

ஓபுளிக்கப்பறம் இந்த வளவுக்கு வாக்கப்பட்டு வர்ற ஒவ்வொரு பொண்ணும் ஊட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னால இந்தக் கல்லு மேல உக்காருவா. அவ உக்காந்தப்பறம்தான் மத்தவங்க உக்காரலாம். அதுக்குத்தான் உங்களையெல்லாம் நிக்க வச்சேன். மாப்பிள்ளையும் நிக்கட்டும், பண்ணாடி நின்ன எடம் அதுதான். அம்முணி, சேலையப் பத்தி நெனைக்காதே, கல்லத் தொடச்சுத்தான் வச்சிருக்கு. வா. உக்காரு. இந்தக் கடப்பாரையப் புடி. கொத்து இந்தக் கையில. காலக் கீழ இருக்கற கல்லு மேல வையி. எங்களைப் பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் பாரு.

இப்ப நான் கேக்கறேன். என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும்.

ஏ புள்ள, எதுக்கு உக்காந்திருக்கே?